பலகையில் பற்றவைத்த யூஎஸ்பி சாதனங்கள்: கர்னலில் சுவிட்ச் யார் கையில்?

பலகை துவங்கி ஏறத்தாழ அரை நிமிடம் வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஈதர்நெட் இணைப்பு எழுந்தது, மோடம் தன் நான்கு தொடர் வாயில்களையும் காட்டியது, கேமராவும் பட்டியலில் தெரிந்தது. பிறகு மூன்றும் ஒரே நொடியில் மறைந்தன. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலின் பதிவில், ஒரு வாயிலைப் பலவாகப் பிரிக்கும் யூஎஸ்பி ஹப் துண்டிக்கப்பட்டது என்ற வரியும், அதற்குச் சற்று மேலே, ஒரு ரெகுலேட்டரின் (கர்னல் இயக்கி அணைக்கக்கூடிய மின்வழி) பெயருடன் 'டிசேபிளிங்' என்ற ஒற்றைச் சொல்லும் இருந்தன. அந்தச் சொல்லை நான் கவனிக்க இரண்டு நாள் ஆயிற்று. அதுவரை கேபிளையும் பற்றவைப்பையும் சந்தேகித்துக்கொண்டிருந்தேன்.

மின்கலத்தில் இயங்கும் தரவுப் பதிவுக் கருவிக்காக நானே வரைந்த பலகை இது. செயலிச் சில்லில் இருப்பது ஒரே ஒரு யூஎஸ்பி 2.0 ஹோஸ்ட் (சாதனங்களை ஆளும் பக்கம்) வாயில். அதிலிருந்து மைக்ரோசிப்பின் யூஎஸ்பி2514 என்ற நான்கு வாயில் ஹப் சில்லுக்குச் செம்புத்தடம் போகிறது. ஹப்பின் முதல் வாயிலில் ஈதர்நெட் சில்லு, இரண்டாவதில் செல்பேசி மோடம், மூன்றாவதில் கேமரா. இம்மூன்றும் பலகையிலேயே நிலையாக இணைக்கப்பட்டவை. நான்காவது மட்டும் வெளியே தெரியும் சாக்கெட். ஹப்புக்கான 3.3 வோல்ட், மின்வழியை இயக்கி அணைக்கும் ஒரு லோட் சுவிட்ச் வழியாக வருகிறது; அந்தச் சுவிட்சை இயக்க ஒரு ஜிபிஐஓ (மென்பொருள் உயர்த்தித் தாழ்த்தும் செயலி முனை), ஹப்பின் ரீசெட் முனைக்கு இன்னொரு ஜிபிஐஓ. கருவி உறங்கும்போது ஹப்பையும் அதன் கீழுள்ளவற்றையும் முழுவதுமாக அணைக்க வேண்டும் என்பதற்காகவே இந்தச் சுவிட்சை வைத்தேன்.

அரை நிமிடக் கணக்குக்கான விளக்கம் லினக்ஸ் ரெகுலேட்டர் சட்டகத்தில் இருக்கிறது. கர்னலுக்கு முன் இயங்கும் பூட்லோடர் இயக்கிவிட்ட ஒரு மின்வழியை எந்த டிரைவரும் (ஒரு சாதனத்தைக் கவனிக்கும் கர்னல் பகுதி) 'இது என்னுடையது' என்று கேட்டு வாங்கவில்லை என்றால், துவக்கம் முடிந்து 30 விநாடிகள் கழித்துக் கர்னல் அதைப் பயனற்றது என்று கருதி அணைத்துவிடும். பலகையில் என்னென்ன இருக்கின்றன என்று கர்னலுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீயில் 'ரெகுலேட்டர்-பூட்-ஆன்' என்று எழுதியிருந்தேன். அது 'துவங்கும்போது இயங்கிக்கொண்டிருக்கும்' என்று மட்டுமே சொல்கிறது, 'யாரோ பயன்படுத்துகிறார்' என்று சொல்வதில்லை. கர்னல் செய்தது முழுக்கச் சரி. அந்த மின்வழிக்கு உண்மையிலேயே ஒரு சொந்தக்காரர் இல்லை. யாரைச் சொந்தக்காரர் ஆக்குவது என்ற கேள்வியே பின்வந்த வாரங்களை எடுத்துக்கொண்டது.

வழக்கமான சாதனத்தில் இந்தக் கேள்வியே எழாது. ஐ2சி என்ற இருகம்பி வழியில் உள்ள ஓர் உணரியை எடுத்துக்கொண்டால், டிவைஸ் ட்ரீயில் அதன் பெயரைப் பார்த்தவுடன் கர்னல் டிரைவரை அழைக்கிறது. டிரைவர் தன் ரெகுலேட்டரை இயக்குகிறது. பிறகுதான் சில்லுடன் பேசுகிறது. யூஎஸ்பியில் வரிசை தலைகீழ். சாதனம் தானாகவே தடத்தில் மின்னழுத்தத்தை உயர்த்தித் தன் இருப்பை அறிவித்தால்தான் ஹோஸ்ட் அதன் அடையாளத்தைக் கேட்கும். அடையாள எண்கள் தெரிந்தால்தான் டிரைவர் எது என்று தெரியும். டிரைவர் வந்தால்தான் மின்சாரத்தை இயக்கும். மின்சாரம் இருந்தால்தான் சாதனம் தன் இருப்பை அறிவிக்கும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதைதான். சாக்கெட்டில் செருகும் சாதனங்களை மட்டும் மனத்தில் கொண்டு உருவான வழிமுறைக்கு, மின்சாரம் எப்போதும் இருக்கும் என்பது அடிப்படை. பலகையில் பற்றவைத்த சாதனம் அந்த அடிப்படையை உடைக்கிறது.

முதலில் கையில் எடுத்தது எல்லோரும் எடுக்கும் குறுக்குவழிதான்: ரெகுலேட்டருக்கு 'ஆல்வேஸ்-ஆன்' என்ற பண்பைக் கொடுத்து, ரீசெட் ஜிபிஐஓவை 'ஹாக்' முறையில் (துவக்கத்திலேயே கர்னல் முனையை ஒரே நிலையில் பிடித்துக்கொள்வது) நிலையாக விடுவித்துவிடுவது. ஐந்து நிமிட வேலை. 30 விநாடிச் சிக்கலும் மறைந்தது. ஆனால் கருவி உறங்கும்போதும் ஹப் விழித்திருந்தது. சுவிட்ச் வைத்ததன் நோக்கமே போய்விட்டது. சுவரில் செருகப்படும் கருவி என்றால் இதோடு நிறுத்தியிருப்பேன். அதில் தவறும் இல்லை.

அடுத்த வழி, ஹோஸ்ட் கன்ட்ரோலரின் 'விபஸ்-சப்ளை' பண்பில் ஹப்பின் ரெகுலேட்டரைக் கோத்துவிடுவது. ஹோஸ்ட் டிரைவர் துவங்கும்போது ரெகுலேட்டரை இயக்கும், ஆகவே வரிசைச் சிக்கல் தீர்ந்துவிடும். இதே பாணியை லினக்ஸ் மூலத்திலேயே காணலாம். பாண்டாபோர்டு என்ற ஓமாப்4 செயலிப் பலகையில் எல்ஏஎன்9514 என்ற ஹப்பும் ஈதர்நெட்டும் சேர்ந்த சில்லு பற்றவைக்கப்பட்டிருக்கிறது. அதன் டிவைஸ் ட்ரீ விளக்கத்தில் ஹப்பின் மின்சாரத்துக்கான ஜிபிஐஓ 1, ஹோஸ்டின் பிஹெச்ஒய்க்கு (தடத்தில் மின்குறிகளை அனுப்பிப் பெறும் சுற்று) உரிய ரெகுலேட்டராகவும், ஹப்பின் ரீசெட்டான ஜிபிஐஓ 62 அதே பிஹெச்ஒய்யின் ரீசெட்டாகவும் எழுதப்பட்டிருக்கின்றன. வேலை நடந்தது, பலர் அதைப் பார்த்து அப்படியே எழுதினார்கள். ஆனால் டிவைஸ் ட்ரீ என்பது பலகையின் வரைபடத்தைச் சொல்வது. விபஸ் என்பது 5 வோல்ட் வழி. என் பலகையில் அந்தச் சுவிட்சில் இருப்பதோ ஹப்பின் 3.3 வோல்ட். பொய்யான விளக்கம் ஒரு கர்னல் பதிப்பில் நடந்துவிடும். அந்த ஹோஸ்ட் டிரைவர் விபஸ்ஸைக் கையாளும் விதம் மாறும் நாளில் பலகை காரணம் தெரியாமல் செத்துப்போகும். என் டிரைவரில் இன்னொரு குறையும் இருந்தது: கருவி உறங்கும்போது அது விபஸ்ஸை அணைப்பதே இல்லை. ஆகவே பொய் சொல்லியும் பலன் கிடைக்கவில்லை.

மூன்றாவதாக, யூஎஸ்பி விதிமுறையே தரும் வழியான வாயில் மின்கட்டுப்பாட்டைப் பார்த்தேன். ஹப்புக்கு 'இந்த வாயிலின் மின்சாரத்தை நிறுத்து' என்ற கட்டளையை ஹோஸ்ட் அனுப்பலாம். ஹப் தன் விவரக்குறிப்பில், மின்சாரத்தை வாயில் வாரியாகத் தனித்தனியே நிறுத்த முடியுமா, எல்லா வாயில்களையும் சேர்த்துத்தான் நிறுத்த முடியுமா, அல்லது நிறுத்தவே முடியாதா என்று அறிவிக்கிறது. கர்னலும் அதை நம்பி நடக்கிறது. யூஹப்சிடிஎல் என்ற சிறிய பயனர் நிரலும் இதையே பயன்படுத்துகிறது. நம்பிக்கையில்தான் சிக்கல். ஹப் சில்லு அந்தக் கட்டளைக்குச் செய்வதெல்லாம் தன் முனைகளில் ஒன்றை உயர்நிலையிலிருந்து தாழ்நிலைக்குக் கொண்டுவருவதுதான். அந்த முனையில் ஒரு மின்சுவிட்சை இணைப்பது பலகையை வரைந்தவரின் வேலை. நான் மோடத்தின் வாயிலில் சுவிட்ச் வைக்கவில்லை, ஏனெனில் மோடம் நேரடியாக மின்கலத்திலிருந்து ஊட்டம் பெறுகிறது. ஆகவே அந்த வாயிலை அணைத்தபோது கர்னல் 'அணைந்தது' என்று எழுதியது, மோடமோ சூடாகவே இருந்தது. விற்பனையில் உள்ள மலிவான பல வெளி ஹப்புகளிலும் இதே கதைதான். மேலும், இந்த வழி ஹப்பின் கீழுள்ள சாதனங்களுக்கு மட்டுமே உதவும். ஹப்பின் சொந்த மின்சாரத்தை ஹப்பிடமே கேட்டு இயக்க முடியாது.

இவ்வளவுக்குப் பிறகே கர்னலில் ஏற்கெனவே உள்ள விடையைத் தேடினேன். எஸ்டி அட்டைக்கான வழியில் இணையும் எஸ்டிஐஓ வகை வைஃபை சில்லுகளுக்கு, நினைவட்டைகளைக் கவனிக்கும் எம்எம்சி பிரிவில் 'பவர் சீக்வென்ஸ்' என்ற பெயரில் ஒரு தனி ஏற்பாடு முன்பே வந்துவிட்டது. யூஎஸ்பிக்கும் அதுபோல ஒன்றைக் கொண்டுவர 2016-ஐ ஒட்டி நடந்த முயற்சி, பல திருத்தங்களுக்குப் பிறகும் சேர்க்கப்படாமல் நின்றுபோனது. மத்தியாஸ் கால்க்கே எழுதிய, பலகை ஹப்புகளுக்கென்றே ஆன டிரைவர் 2022-இல் வெளியான 6.0 பதிப்பில் சேர்ந்தது. அதை எழுதத் தூண்டியது, குரோம்புக் பலகைகளில் பற்றவைக்கப்பட்டிருந்த ரியல்டெக் ஆர்டிஎஸ்5411 ஹப். 6.10 பதிப்பில், ஹப் அல்லாத சாதனங்களுக்கும் இடம் தரும்படி, டிரைவரின் பெயரிலிருந்த 'ஹப்' என்ற சொல் 'டெவ்' என்று மாறியது.

இந்த டிரைவரின் வடிவமைப்பை ஒருமுறை முழுவதும் படித்தேன்; படிக்கத் தகுந்தது. ஒரே கோப்புக்குள் இரண்டு டிரைவர்கள் இருக்கின்றன. ஒன்று பிளாட்பார்ம் டிரைவர். யூஎஸ்பி பற்றி எதுவும் தெரியாது, ரெகுலேட்டரும் ரீசெட்டும் மட்டுமே அதன் பொறுப்பு. மற்றொன்று யூஎஸ்பி டிரைவர். ஹப் கண்டறியப்பட்ட பிறகே உயிர்பெறுகிறது, மின்சாரத்தைத் தொடுவதில்லை, கண்டறியப்பட்ட யூஎஸ்பி சாதனத்தைப் பிளாட்பார்ம் பகுதியோடு இணைத்து வைப்பது மட்டுமே அதன் வேலை. பைத்தியத்துக்கும் கல்யாணத்துக்குமான முடிச்சு இங்கேதான் அவிழ்கிறது: ஹோஸ்டுக்குள்ளேயே இருக்கும் ரூட் ஹப் பதிவாகும் தருணத்தில் கர்னல் டிவைஸ் ட்ரீயில் அதன் கீழே தெரிந்த பெயருள்ள கணு (ஒரு சாதனத்துக்கான பதிவு) இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் பிளாட்பார்ம் சாதனத்தை உருவாக்குகிறது, அது மின்சாரத்தை இயக்குகிறது, பிறகு ஹப் வழக்கம்போலத் தடத்தில் தோன்றுகிறது. மின்சாரத்தின் சொந்தக்காரர் சாதனத்தின் டிரைவரும் அல்ல, ஹோஸ்டின் டிரைவரும் அல்ல. சாதனம் இருக்கும் இடத்தைப் பற்றிய அறிவு.

யூஎஸ்பி 3 ஹப்புகளில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. ஒரே சில்லு, 2.0 தடத்தில் ஒரு ஹப்பாகவும் 3.0 தடத்தில் இன்னொரு ஹப்பாகவும் தோன்றும். இரண்டுக்கும் தனித்தனியே மின்சாரத்தை இயக்கவும் அணைக்கவும் செய்தால் ஒன்றின் காலை மற்றொன்று வாரிவிடும். இரு கணுக்களும் 'பியர்-ஹப்' என்ற பண்பால் ஒன்றையொன்று சுட்ட, பிளாட்பார்ம் சாதனம் ஒன்றுதான் உருவாகிறது. என் பலகையில் 2.0 மட்டுமே என்பதால் இந்தத் தொல்லை எனக்கு இல்லை.

இனி என் தவறுகள். ஹோஸ்ட் கன்ட்ரோலரின் கணுவுக்குள், வாயில் எண் 1 என்று குறித்து ஹப்புக்கு ஒரு கணுவை எழுதினேன். பெயர் 'யூஎஸ்பி' என்று துவங்கி, தயாரிப்பாளர் எண்ணும் பொருள் எண்ணும் பதினாறடிமான எண்களாகக் காற்புள்ளியுடன் வரவேண்டும். தயாரிப்பாளர் எண் 0424 என்பதால் 'யூஎஸ்பி0424,2514' என்று எழுதினேன். எதுவும் நடக்கவில்லை, பிழைச் செய்தியும் இல்லை. முன்னால் வரும் பூச்சியத்தை எழுதக் கூடாது. 'யூஎஸ்பி424,2514' என்பதே சரி.

பெயரைத் திருத்தியதும் டிரைவர் இணைந்தது, ஹப் எழுந்தது, 30 விநாடி கழித்து மீண்டும் செத்தது. இம்முறை 'டிசேபிளிங்' என்ற சொல் உடனே கண்ணில் பட்டது. டிரைவர் எதிர்பார்ப்பது 'விடிடி-சப்ளை'. நான் எழுதியிருந்தது 'விசிசி-சப்ளை'. கேட்ட பெயரில் ரெகுலேட்டர் இல்லை என்றால் கர்னல் பிழை என்று நிற்காமல் ஒரு போலி ரெகுலேட்டரைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறது. அந்தச் செய்தி பதிவில் ஒரு வரியாக இருக்கும். நூற்றுக்கணக்கான வரிகளில் அது யார் கண்ணிலும் படாது. டிரைவர் போலி மின்சாரத்தை இயக்கி நிம்மதி அடைந்தது. உண்மையான மின்வழி மீண்டும் அநாதையாக நின்றது.

அதற்கு அடுத்தது ரீசெட்டின் திசை. சில்லின் ரீசெட் முனை தாழ்நிலையில் செயல்படுவது. நான் டிவைஸ் ட்ரீயில் 'ஆக்டிவ் ஹை' என்று எழுதியிருந்தேன், காரணம், பழைய ஹாக் முறையில் 'உயர்நிலையில் வை' என்று எழுதிப் பழகிய கை. டிரைவர் தர்க்க மதிப்பில் பேசுகிறது: 1 என்றால் ரீசெட்டில் வை, 0 என்றால் விடுவி. திசை தவறாக எழுதப்பட்டதால், டிரைவர் 'விடுவி' என்ற ஒவ்வொரு முறையும் முனை தாழ்நிலைக்குப் போய் ஹப் நிரந்தரமாக ரீசெட்டில் கிடந்தது. மல்டிமீட்டரை வைத்தவுடன் தெரிந்துவிட்டது.

இவை முடிந்ததும் உறக்கச் சோதனை. டிரைவர் மின்சாரத்தை அணைப்பது உறக்கத்தின் பிந்தைய கட்டத்தில். எழுப்புவது விழிப்பின் முந்தைய கட்டத்தில். யூஎஸ்பி சாதனங்கள் எல்லாம் தங்கள் உறக்க வேலையை முடித்த பிறகு மின்சாரம் போகவும், அவை விழிக்குமுன் மின்சாரம் திரும்பி இருக்கவும் இந்த ஏற்பாடு. சும்மா இருக்கும் ஹப் தானாக உறங்கும் ரன்டைம் சஸ்பெண்டில் மின்சாரம் அணைவதில்லை. அதை எதிர்பார்த்திருந்த எனக்கு முதலில் ஏமாற்றம். யோசித்தால் நியாயம்தான்: ரன்டைமில் அணைத்துவிட்டால், சாக்கெட்டில் புதிதாக ஒன்றைச் செருகுவதை யார் கண்டறிவது?

ஒரு மாலை முழுவதும் வீணான கதை இங்கே உண்டு. மேசையில் வைத்துச் சோதிக்கும்போது உறக்கத்தில் ஹப் அணையவில்லை. கருவியை உறையில் பொருத்திச் சோதித்தபோது அணைந்தது. பற்றவைப்புக் கோளாறு என்று எண்ணி முழு உறையையும் கழற்றினேன். வேறுபாடு விசைப்பலகை. மேசையில் சோதிக்கும்போது நான்காவது வாயிலில் ஒரு விசைப்பலகையைச் செருகியிருந்தேன். விசைப்பலகைகளுக்குக் கர்னல் இயல்பாகவே 'கணினியை எழுப்பும் உரிமை' தருகிறது. டிரைவரோ, ஹப்பின் கீழே எழுப்பும் உரிமை உள்ள சாதனம் ஏதேனும் இருந்தால், ஹோஸ்டுக்கும் அந்த உரிமை இருக்கும் பட்சத்தில், மின்சாரத்தை அணைப்பதில்லை. அணைத்தால் எழுப்ப ஆள் இருக்காதே. எந்த நிலையிலும் அணைக்கவே கூடாது என்று விரும்புவோர்க்கு, கர்னல் தன் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில், பிளாட்பார்ம் சாதனத்தின் அடைவில் தனி ஒரு குமிழ் இருக்கிறது. இந்தப் பிரிவினை எனக்குப் பிடித்திருக்கிறது: எப்படி அணைப்பது என்பது கர்னலின் அறிவு, அணைக்கலாமா என்பது பயனரின் முடிவு.

விழித்த பிறகு ஹப்பும் அதன் கீழுள்ளவையும் மின்சாரம் இழந்து மீண்டவை. யூஎஸ்பி பெர்சிஸ்ட் என்ற ஏற்பாடு, அதே வாயிலில் அதே விவரக்குறிப்புகளுடன் அதே சாதனம் திரும்பினால் பழைய இணைப்பைத் தொடரச் செய்கிறது. ஈதர்நெட் இடைமுகத்தின் பெயர்கூட மாறவில்லை.

ஆனால் இருபது விழிப்புகளில் ஒன்றிரண்டு முறை ஹப்பே திரும்பவில்லை. விவரக்குறிப்பைப் படிக்க முடியவில்லை, பிழை எண் 71 கழித்தல் குறியுடன். இந்தப் பிழைதான் முழுப் பணியிலும் கடினமானது, ஏனெனில் மென்பொருளில் அதற்கான காரணம் பாதிதான் இருந்தது.

ஆசிலோஸ்கோப்பில் ஹப்பின் மின்வழியைப் பார்த்தேன். அணைத்த பிறகு மின்னழுத்தம் பூச்சியத்துக்கு இறங்காமல் ஒரு வோல்ட்டுக்குச் சற்று மேலே தொங்கிக்கொண்டிருந்தது. எங்கிருந்தோ மின்சாரம் பின்வாசல் வழியாக நுழைகிறது. யூஎஸ்பி2514-இல் இரண்டு முனைகள், எந்தெந்த வாயில்களில் உள்ள சாதனங்கள் கழற்ற முடியாதவை என்று சில்லுக்குச் சொல்லப் பயன்படுகின்றன; இரண்டையும் உயர்நிலையில் வைத்தால் முதல் மூன்று வாயில்களும் நிலையானவை என்று பொருள். கர்னல் ஹப்பின் விவரக்குறிப்பிலிருந்து அதைப் படித்து, அந்தச் சாதனங்களை 'ஃபிக்ஸ்டு' என்று சிஸ்எஃப்எஸ்ஸில் காட்டும். அந்தப் பெருமைக்காக இரு முனைகளையும் உயர்நிலைக்கு இழுக்கும் புல்-அப் தடையங்கள் வைத்தேன். அவற்றை, தடம் வரைய வசதி என்பதற்காக, எப்போதும் இயங்கும் 3.3 வோல்ட்டில் இணைத்துவிட்டேன். ஹப் அணைந்திருக்கும்போது அந்தத் தடையங்கள் வழியாக, முனைகளின் உட்காப்பு டையோடுகளைக் கடந்து, சில்லின் மின்வழியில் மின்சாரம் கசிந்தது.

இத்துடன் மென்பொருளின் பாதியும் சேர்ந்துகொண்டது. இந்தச் சில்லுக்கு டிரைவர் ரீசெட்டில் வைத்திருக்கும் நேரம் 1 மைக்ரோ விநாடி. மின்னழுத்தம் நிலைபெற்ற பிறகு அது போதும். ஆனால் என் லோட் சுவிட்ச் மெல்ல ஏறும் வகை. முழு மின்னழுத்தம் வர மில்லி விநாடிக் கணக்கில் ஆகிறது. ரெகுலேட்டருக்குத் துவக்கத் தாமதம் எதுவும் நான் எழுதாததால், கர்னலைப் பொறுத்தவரை மின்சாரம் இயக்கிய கணமே நிலைபெற்றுவிட்டது. ஆகவே மின்னழுத்தம் ஏறிக்கொண்டிருக்கும்போதே ரீசெட் விடுபட்டது. பூச்சியத்திலிருந்து ஏறும்போது சில்லின் உள்ளமைந்த துவக்கச் சுற்று காப்பாற்றியிருக்கிறது. ஒரு வோல்ட்டிலிருந்து ஏறும்போது சில சமயம் அது விழித்துக்கொள்ளவில்லை. ரெகுலேட்டர் கணுவில் துவக்கத் தாமதமாக 5,000 மைக்ரோ விநாடிகளும், அணைத்து மீண்டும் இயக்குவதற்கு இடையே 'ஆஃப்-ஆன்-டிலே' பண்பில் ஒரு கணிசமான இடைவெளியும் எழுதினேன். தாமதம் எழுத வேண்டிய இடம் டிரைவர் அல்ல, ரெகுலேட்டர். மெதுவாக ஏறுவது ஹப்பின் குணம் அல்லவே. பிறகு இரு தடையங்களையும் பலகையிலிருந்து பெயர்த்து, மெல்லிய கம்பியால் ஹப்பின் சொந்த மின்வழிக்கு மாற்றினேன். பிழை போனது.

மோடத்தை மட்டும் இந்த டிரைவரிடம் ஒப்படைக்கவில்லை. அதன் மின்சாரம் சுவிட்ச் போட்டால் வருவதல்ல. பவர்-கீ முனையைக் குறிப்பிட்ட நேரம் அழுத்திப் பிடித்து விட வேண்டும். அணைக்கும்போது வலையமைப்பிலிருந்து விடைபெறச் செய்து, அது தன் ஃபிளாஷில் எழுதி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். 6.11 பதிப்பில் பொதுவான பவர் சீக்வென்சிங் பிரிவு ஒன்று கர்னலில் சேர்ந்திருக்கிறது. குவால்காமின் புளூடூத்தும் வைஃபையும் சேர்ந்த சில்லுகளே அதன் முதல் பயனாளிகள். அதில் மோடத்துக்கு ஒரு துண்டு எழுத முயன்று, பாதியில் கைவிட்டேன். வலையமைப்பிலிருந்து விடைபெற, மோடங்களுக்கான ஏடி கட்டளை அனுப்ப வேண்டும். அதை அனுப்புவது பயனர் பகுதியில் இயங்கும் மோடம் மேலாளர். கட்டளை ஒருவர் கையிலும் அழுத்தி விடும் முனை இன்னொருவர் கையிலும் இருந்தால், இருவரும் ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கும் நிலைதான் வரும். ஆகவே பவர்-கீயைப் பயனர் பகுதியிலேயே, ஜிபிஐஓ எழுத்துச் சாதனம் (முனைகளை இயக்கப் பயனர் நிரல்களுக்குக் கர்னல் தரும் கோப்பு) வழியாக ஒரு சிறிய சேவை நிரல் இயக்குகிறது. உறக்கத்துக்கு முன் அந்த நிரல் மோடத்தை விடைபெறச் செய்கிறது, பிறகே ஹப் அணைகிறது. கர்னலின் எந்தப் பகுதியும் மோடத்தின் மின்சாரத்தைத் தொடுவதில்லை. இதைக் கர்னலில்தான் செய்ய வேண்டும் என்று வாதிடுவோர் உண்டு. குறுஞ்செய்தி வந்தால் கருவியை எழுப்ப வேண்டும் என்ற தேவை இருந்திருந்தால் நானும் அவர்கள் பக்கம் சாய்ந்திருக்கலாம்.

அடுத்த பலகைக்கான வரைபடத்தில் மூன்று திருத்தங்கள் செய்திருக்கிறேன். புல்-அப் தடையங்கள் ஹப்பின் சொந்த 3.3 வோல்ட்டுக்குப் போய்விட்டன. லோட் சுவிட்சுக்குப் பதிலாக, அணையும்போது மின்வழியைத் தரைக்கு இறக்கிவிடும் வகையைத் தேர்ந்திருக்கிறேன். நான்காவது வாயிலின் வெளிச் சாக்கெட்டை எடுத்துவிட்டேன். சோதனைக்கு விசைப்பலகை வேண்டுமென்றால், இனி தொடர் வாயிலில் உட்கார்ந்து தட்டச்சு செய்துகொள்வேன்.